படம் பார்க்க 22 பேர், வானம் பார்க்க 5 பேர்

வாசகி ஒருவர் எட்டுப் பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவர் ஓர் அறிவியல் ஆசிரியை. 16 வயதுப் பெண்ணுக்குத் தாய். மகளுக்குச் சிறுவயது முதலே விண்வெளிக் கதைகள்மீது தீராத ஆசை. படங்கள், தொடர்கள், ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டு, சுவர் நிறையக் கோள்களின் படங்கள் என்று வளர்ந்தவள். இந்த ஆசை மற்றப் பிள்ளைகளுக்கும் பரவட்டுமே என்று, ஆறு மாதங்களுக்கு முன்பு 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்காக ஒரு சிறு விண்வெளிக் குழுவை அவர் தொடங்கினார். முதல் கூட்டத்தில் ஒரு திரைப்படம் போட்டார். 22 பேர் வந்தார்கள். படம் முடிந்ததும், அறிவியலுக்குப் பொருந்தாத காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி 40 நிமிடம் பேசினார். அடுத்த மாதம், சொந்தப் பணத்தில் வாங்கிய தொலைநோக்கியில் சனிக் கோளைக் காட்டுவதாக அழைத்தார்; வந்தவர்கள் 5 பேர். அவர்களில் ஒரு பையன் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றான். மூன்றாம் கூட்டத்துக்கு மகளே வரவில்லை. “நீங்க எதை எடுத்தாலும் பாடமாக்கிடுறீங்கம்மா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அவர் கேட்பவை மூன்று. பிள்ளைகளுக்கு இருப்பது வெறும் சினிமா மோகம்தான் என்றால், குழுவைக் கலைத்துவிடலாமா? ஒரு தனியார் நிறுவனம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு ஒரு வாரப் பயிற்சியும் ‘இளம் விண்வெளி வீரர்’ என்ற சான்றிதழும் பிள்ளையின் பெயரில் ஒரு விண்மீனும் தருவதாகச் சொல்கிறது, மகளைச் சேர்க்கலாமா? விண்வெளிக்குப் போவேன் என்று பத்து வருடமாகச் சொல்லிவந்த மகள் கணக்கில் பின்தங்குகிறாள். படங்களையும் விளையாட்டையும் அடியோடு நிறுத்தினால் கவனம் படிப்புக்குத் திரும்புமா?

அன்புச் சகோதரிக்கு,

“முயன்று தோற்றுவிட்டேன்” என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். விடுமுறை நாளில், யாருடைய கட்டாயமும் இல்லாமல், 22 பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வளரிளம் பருவத்தினரோடு பேசுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அது எவ்வளவு அரிது என்று தெரியும். அடுத்த மாதம் 17 பேர் வராமல் போனதை அவர்களுடைய ஆர்வக் குறைவு என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. முதல் கூட்டத்தில் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் கூட்டத்தில் வரிசையில் நின்று ஆளுக்கொரு நிமிடம் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு கூட்டத்திலும் ஏதாவது செய்தவர் நீங்கள் ஒருவர்தான். தனக்கென்று ஒரு வேலை இல்லாத இடத்துக்கு 15 வயதுப் பிள்ளை மறுமுறை வருவது கடினம்.

கதை கேட்டு வந்த ஆர்வம் போலியானதா?

‘வெறும் சினிமா மோகம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘வெறும்’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. ராக்கெட் இயலின் வரலாற்றைப் புரட்டினால், கதையில் பிறந்த ஆர்வம் என்று ஒதுக்க முடியாத அளவுக்குக் கதைப் பிரியர்கள் அதில் நிறைந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ராபர்ட் கோடார்டு, ஹெச்.ஜி. வெல்ஸ் எழுதிய செவ்வாய்ப் படையெடுப்புக் கதையை இளம் வயதில், 1898இல், நாளிதழ்த் தொடராகப் படித்தவர். மறு ஆண்டு, 1899 அக்டோபர் 19 அன்று, பட்டுப்போன கிளைகளை வெட்டுவதற்காக ஒரு செர்ரி மரத்தில் ஏறியவர், செவ்வாய்க்குப் போகும் கருவி ஒன்றைச் செய்ய முடிந்தால் எப்படியிருக்கும் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தார். இறங்கியபோது தான் வேறு ஆளாக இருந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். அந்த நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தும் வந்தார். ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி சிறுவயதில் காய்ச்சலால் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்து, பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவர். விண்வெளிப் பயணம் என்ற எண்ணத்தைத் தனக்குள் விதைத்தது ஜூல் வெர்னின் கதைகள்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்றும் ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் அடிப்படையாக இருக்கும் சமன்பாட்டை 1903இல் வெளியிட்டவர் அவர்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு மறுகோடிக்குப் போய்விடாதீர்கள். அந்த நாளிதழ்த் தொடரைப் படித்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். ராக்கெட் செய்தவர் ஒருவர். மரத்திலிருந்து இறங்கிய நாளுக்கும், திரவ எரிபொருளில் இயங்கிய அவருடைய முதல் ராக்கெட் எழுந்த 1926 மார்ச் 16க்கும் இடையே 26 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த ராக்கெட் பறந்ததும் இரண்டரை விநாடிதான். எட்டிய உயரம் சுமார் 12 மீட்டர். கதை தருவது ஆசையை மட்டுமே. அந்த ஆசை ஒருவரிடம் தங்கி வேலையாக மாறுவதற்கு, யாரோ அவரைப் பெயர் சொல்லி உள்ளே அழைத்திருப்பதும் அவர் கையில் ஒரு பொருளைக் கொடுத்திருப்பதும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் நிசெல் நிக்கல்ஸ். 1960களில் வந்த ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் விண்கலத்தின் தகவல்தொடர்பு அதிகாரியாக நடித்த கறுப்பினப் பெண் அவர். அந்தத் தொடருக்கு ரசிகர்கள் ஏராளம். ஆனாலும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் வீரர் பட்டியலில் அப்போது ஒரு பெண்கூட இல்லை. 1977இல் நாசா அவரையே அணுகியது. அவர் பல்கலைக்கழகங்களுக்கும் கூட்டங்களுக்கும் போய், பெண்களையும் சிறுபான்மையினரையும் பார்த்து, ‘இந்த இடம் உங்களுக்கும் உரியது, விண்ணப்பியுங்கள்’ என்று நேரில் கேட்டார். 1978 ஜனவரியில் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள். கறுப்பினத்தவர் 3 பேர். முழுப் பெருமையும் அவருக்கே என்று நான் சொல்லவில்லை. நாசா விதிகளும் காலமும் மாறிக்கொண்டிருந்தன. ஆனால் தொடர் ஒளிபரப்பான வருடங்களில் நடக்காதது, ஒருவர் முகம் பார்த்து அழைத்தபோது நடந்தது. அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் என்ற கறுப்பினப் பெண் 1992இல் விண்ணுக்குச் சென்றபோது, வேதிப்பொறியியலும் மருத்துவமும் படித்து முடித்திருந்தார். ரசிகையாக இருந்தது அவர் படிப்புக்குக் குறுக்கே வரவில்லை.

அந்த 40 நிமிடங்கள்

உங்கள் பேச்சில் தவறான தகவல் ஒன்றுகூட இருந்திருக்காது. காற்றில்லாத வெளியில் வெடிச்சத்தம் கேட்காது என்பதும், சர்வதேச விண்வெளி நிலையத்தில் மிதப்பதற்குக் காரணம் ஈர்ப்பு இல்லாமை அன்று என்பதும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இருக்கத்தான் செய்கிறது. நிலையமும் அதிலுள்ளவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் எடை தெரிவதில்லை. இதைவிட வியப்பான செய்தி எந்தப் படத்திலும் இருக்காது. ஆனால் அது சொல்லப்பட்ட நேரம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். மனம் நெகிழ்ந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் காதில், ‘உனக்குப் பிடித்தது தப்பு’ என்றுதான் அது விழுந்திருக்கும். பிடித்த ஒன்றைப் பலர் முன்னிலையில் பழிப்பதைத் தன்னையே பழிப்பதாக எடுத்துக்கொள்ளும் வயது அது. உங்கள் மகள் சொன்ன ஒற்றை வாக்கியத்தில் இருந்தது அந்த வலிதான். அது எதிர்ப்பேச்சு அன்று.

சில ஆண்டுகளுக்கு முன்பு 14 வயதுப் பையன் ஒருவனைப் பெற்றோர் என்னிடம் அழைத்துவந்தார்கள்; அவனுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுவதும் விண்கலமாகவே வரைகிறான் என்பது புகார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள். கட்டுப்பாட்டு அறை, மூன்றடுக்குப் படுக்கைகள், செடி வளர்க்கும் கூண்டு என்று ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஓரத்தில் பட்டியலும் எழுதியிருந்தான். “எத்தனை பேர் போகிறார்கள்?” என்று கேட்டேன். “40 பேர், ஆறு வருஷம்” என்றான். “தண்ணீர் எங்கே வைத்திருக்கிறாய்?” பென்சில் முனையை ஒவ்வோர் அறையாக நகர்த்திக்கொண்டே போனான். தொட்டி எங்கும் இல்லை. மறு வாரம் வந்தபோது, நோட்டின் முன்பக்கத்தில் கணக்குப் போட்டிருந்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்றால் ஆறு ஆண்டுகளுக்கு 2,62,800 லிட்டர். அவ்வளவையும் ஏற்ற முடியாது என்பதால், பயன்படுத்திய நீரையே திரும்பச் சுத்திகரிக்கும் முறையைத் தேடிப் படித்திருந்தான். வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்திகரித்து 98 சதவீத நீரை மீட்க முடியும் என்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2023இல் செய்து காட்டினார்கள். அந்த அளவை வைத்துப் பார்த்தால் அவன் கலத்துக்கு இழப்பு 5,256 லிட்டர் மட்டுமே. அவன் வரைந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அவனுடைய கலத்துக்குள்ளேயே நின்றுகொண்டு, அங்கே வாழப்போகிறவர்களுக்காக ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

நீங்களும் அதையே செய்யலாம். படம் முடிந்ததும் பேச்சு வேண்டாம். ‘இந்தக் கப்பலில் உனக்கு எந்த வேலை வேண்டும்?’ என்று கேட்டு, ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுங்கள். நீருக்கு ஒருவர், காற்றுக்கு ஒருவர், உணவுக்கு ஒருவர், தகவல்தொடர்புக்கு ஒருவர். தகவல்தொடர்பை எடுத்துக்கொண்ட பெண், செவ்வாயிலிருந்து அனுப்பும் ஒரு சொல் பூமிக்கு வந்துசேர, இரண்டும் நெருங்கியிருக்கும்போதே மூன்று நிமிடத்துக்கு மேலும், மிக விலகியிருக்கும்போது இருபது நிமிடத்துக்கு மேலும் ஆகும் என்பதைத் தானே கண்டுபிடிப்பாள். அதன்பிறகு, கதாநாயகன் பூமியோடு சட்டென்று பேசும் காட்சியைப் பார்த்து, ‘இது எப்படி முடியும்?’ என்று கேட்பவளும் அவளாகவே இருப்பாள். சினிமாவையும் அறிவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் செய்யலாம். 2014இல் வந்த ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்தின் கருந்துளை, இயற்பியலாளர் கிப் தோர்னின் துணையோடு சார்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கணினியில் வரையப்பட்டது. 2019 ஏப்ரலில் வெளியான உண்மையான கருந்துளைப் படம், சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓர் அண்டத்தின் (கேலக்ஸி எனும் பெரும் விண்மீன் கூட்டத்தின்) மையத்தில் இருப்பதைக் காட்டுவது. மங்கலான ஆரஞ்சு வளையம்தான் அதில் தெரியும். இரண்டையும் காட்டிவிட்டு, எது அழகு என்று கேளுங்கள்; பிறகு, எதைக் கண்டு விஞ்ஞானிகள் கண்கலங்கியிருப்பார்கள் என்றும் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம்.

“இவ்வளவுதானா?”

அந்தப் பையன் உண்மையைச் சொன்னதற்காக எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அவன் இதுவரை பார்த்த சனி, விண்கலங்கள் அருகில் சென்றும் ஹபிள் போன்ற பெரிய தொலைநோக்கிகள் உற்று நோக்கியும் எடுத்த படம். சிறு தொலைநோக்கியில் தெரிவது மணி அளவிலான வெளிர்மஞ்சள் வட்டமும் அதைச் சுற்றி ஒரு வளையமும்தான். விண்வெளியின் வண்ண மேகக்கூட்டங்களை (நெபுலாக்களை) அதில் தேடியிருந்தால் ஏமாற்றம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும். மங்கிய ஒளியில் நம் விழித்திரை நிறத்தை உணர்வதில்லை, இருளுக்குப் பழகவே 20 முதல் 30 நிமிடம் ஆகும். பார்ப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது நம் கடமை. கூடவே, ‘இது படமில்லை, ஒரு மணி நேரத்துக்கும் முன்பு சனியிலிருந்து கிளம்பிய வெளிச்சம் நேராக உன் கண்ணுக்குள் வந்து விழுகிறது’ என்றும் சொல்லலாம்.

ஒருமுறை காட்டிவிட்டு அனுப்பும் காட்சிகளைவிட, நாளுக்கு நாள் மாறும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் பரிந்துரை வியாழனின் நான்கு பெரிய நிலவுகள். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலரை அசையாத ஒன்றின்மேல் சாய்த்து வைத்தால் போதும். வியாழனின் இருபுறமும் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரி 7 இரவு அவற்றைப் பார்த்த கலிலியோ, முதலில் விண்மீன்கள் என்றே எண்ணினார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறியதைக் குறித்துவைத்ததால்தான் அவை வியாழனைச் சுற்றுகின்றன என்பது புலப்பட்டது. உள்ளே இருக்கும் அயோ ஒரு சுற்றை 42 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்து முடிக்கிறது. வெளியே இருக்கும் கலிஸ்டோவுக்கு ஏறத்தாழ பதினாறே முக்கால் நாள் ஆகிறது. ஓர் இரவுக்கு இரண்டு பேர் என்று முறை வைத்து, ஒரே குறிப்பேட்டில் 17 இரவுகள் வரையட்டும். மேகம் மறைத்த இரவில் ‘மேகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். தன் முறை வரும் இரவில் தான் பார்க்காவிட்டால் அந்தக் கட்டம் காலியாகிவிடும் என்பதை ஒரு பிள்ளை உணர்ந்துவிட்டால், அவனை யாரும் போய் அழைக்க வேண்டியிருக்காது.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் இருந்தபடியே செய்யக்கூடிய மெய்யான ஆய்வுப் பணிகளும் உண்டு. அண்டங்களின் படங்களைப் பொதுமக்கள் வடிவம் பார்த்துப் பிரித்துத் தரும் ‘கேலக்ஸி ஸூ’ திட்டம் 2007இல் தொடங்கியது. ஹன்னி ஃபான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை அதில் சேர்ந்தது, ‘குயீன்’ இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே அதைப் பற்றித் தன் இணையப் பக்கத்தில் எழுதியதைப் படித்துத்தான். பிரையன் மே வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவரும்கூட. சேர்ந்த சில வாரங்களிலேயே ஹன்னி, ஓர் அண்டத்துக்குப் பக்கத்தில் எந்த வகையிலும் சேராத ஒரு விநோதத் திட்டைக் கண்டு, ‘இது என்ன?’ என்று கேட்டார். விஞ்ஞானிகளுக்கும் உடனே தெரியவில்லை. இன்று அது அவர் பெயரால் வழங்குகிறது. ஹபிள் தொலைநோக்கியும் அதைப் பின்னர் படம் பிடித்தது. ஒரு கிட்டார் ரசிகை வானியலில் தடம் பதித்த வழி இது. பிள்ளைகள் இப்படிப்பட்ட தளங்களில் பதிவு செய்யும்முன், வயது வரம்பையும் பெற்றோர் ஒப்புதல் விதிகளையும் மட்டும் நீங்கள் படித்துவிடுங்கள்.

சான்றிதழும் விண்மீனும்

இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. விண்மீன்களுக்குப் பெயர் சூட்டும் அதிகாரத்தை உலக வானியலாளர்கள் ஒப்புக்கொள்வது 1919இல் அமைந்த சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கு மட்டுமே. அது பெயர்களை விற்பதில்லை. விலைகொடுத்து வாங்கும் பெயர், விற்றவரின் பதிவேட்டைத் தாண்டி எங்கும் செல்லாது. நிலவில் மனை விற்கும் பத்திரங்களும் அப்படித்தான். விண்வெளி உடன்படிக்கையின் (1967) இரண்டாம் பிரிவு, எந்த நாடும் நிலவையோ பிற விண்பொருள்களையோ தனதாக்கிக்கொள்ள இடம் தரவில்லை. நாட்டுக்கே இல்லாத உரிமையை ஒரு நிறுவனம் யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. ‘இளம் விண்வெளி வீரர்’ சான்றிதழும், விண்வெளி நிறுவனங்கள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் வராது. அவர்கள் பார்ப்பது அறிவியல், பொறியியல், மருத்துவம் போன்ற துறைகளில் உயர்கல்வியும் பல ஆண்டுப் பணி அனுபவமும் அல்லது விமானம் ஓட்டிய அனுபவமும் உடல்தகுதியும்தான்.

ஆகவே பயிற்சி முகாமைச் சான்றிதழுக்காக எடைபோட வேண்டாம். கற்பிப்பவர்கள் யார், அவர்கள் என்ன படித்தவர்கள், பிள்ளைகள் கையால் எதைச் செய்வார்கள், இரவில் பொறுப்பாளர் யார், இடையில் விலகினால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில். பெயர் சூட்டும் ஆசை பிள்ளைகளுக்கு இருந்தால், அதற்குக் காசில்லாத நேர்வழிகள் இருந்திருக்கின்றன. புளூட்டோ என்ற பெயரை 1930இல் முன்மொழிந்தவர் வெனிஷியா பர்னி என்ற 11 வயதுச் சிறுமி. செவ்வாயில் ஊர்ந்த கியூரியாசிட்டி, பெர்சிவியரன்ஸ் ஆகிய ஆய்வு ஊர்திகளுக்குப் பெயர் தந்தவர்கள் கட்டுரைப் போட்டிகளில் வென்ற பள்ளி மாணவர்கள். வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களுக்குப் பெயர் சூட்டச் சர்வதேச வானியல் ஒன்றியமே 2015, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களை அழைத்திருக்கிறது.

மகளும் கணக்கும்

படங்களை அடியோடு நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மதிப்பெண் குறைவதற்குப் படங்கள்தான் காரணம் என்று உங்கள் கடிதத்தில் எந்தச் சான்றும் இல்லை. எந்தப் பாடப்பகுதியில் சறுக்கத் தொடங்கினாள் என்று அவளுடைய ஆசிரியரிடம் கேளுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்று பாருங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். திரைநேரத்தில் ஒழுங்கு தேவையென்றால் அதற்கு இரவு நேர எல்லை ஒன்றை அவளோடு பேசி முடிவு செய்யுங்கள். தண்டனையாகப் பறித்தால் விண்வெளியும் கணக்கும் அவள் மனத்தில் எதிரெதிரே நின்றுவிடும். உண்மையில் அவள் விளையாடும் ராக்கெட் விளையாட்டுக்குள்ளேயே கணக்கு உட்கார்ந்திருக்கிறது. எரிபொருளை இரட்டிப்பாக்கினாலும் வேகம் இரட்டிப்பாவதில்லை என்பதைத் திரையில் எத்தனையோ முறை அவள் பார்த்திருப்பாள். ஏன் என்பதற்கான விடை சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாட்டிலுள்ள மடக்கை (லாகரிதம்). பாடப்புத்தகத்தில் அவளைப் பயமுறுத்தும் அதே மடக்கைதான். ஆனால் இதை நீங்கள் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. குழுவில் மூத்த மாணவர் யாராவது இருந்தால், அவர் வாயால் அவள் கேட்கட்டும்.

இன்னொன்றையும் மென்மையாகச் சொல்ல விரும்புகிறேன். விண்வெளிக்குப் போவேன் என்று அவள் ஆறு வயதில் சொன்னதை நீங்கள் ஓர் ஒப்பந்தம்போலக் காத்துவருகிறீர்கள். 1961இல் யூரி ககாரின் போனது முதல் இன்றுவரை பூமியின் சுற்றுப்பாதைக்குச் சென்றவர்கள் மொத்தமே ஆயிரம் பேரைத் தொடவில்லை. விண்வெளியை நேசிக்கும் மற்ற எல்லோரும் தரையில்தான் வேலை செய்கிறார்கள். 1977இல் புறப்பட்ட வாயேஜர் கலங்களில் 55 மொழிகளில் வாழ்த்துகளும் ஏறத்தாழ 90 நிமிட இசையும் படங்களும் பதித்த தங்கத்தட்டு இருக்கிறது. அதைத் தொகுக்க இசை அறிந்தவர்களும் ஓவியரும் எழுத்தாளரும் தேவைப்பட்டார்கள். உங்கள் மகள் நாளை சட்டம் படிக்கலாம், ஓவியம் படிக்கலாம், விண்வெளியை வெறும் மகிழ்ச்சிக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989), தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமையை 12ஆம் பிரிவிலும், ஓய்வும் விளையாட்டும் பண்பாட்டு வாழ்வும் பெறும் உரிமையை 31ஆம் பிரிவிலும் 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் தருகிறது. பயிற்சி முகாமில் சேர்ப்பதா என்று அவளையே முதலில் கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

குழுவைத் தொடர்ந்தால் கவனிக்க வேண்டியவை

கலைக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஆனால் பொறுப்பு உங்களுடையது என்பதால் சிலவற்றை அழுத்தமாகச் சொல்கிறேன். தொலைநோக்கியையோ பைனாகுலரையோ சூரியன் பக்கம் திருப்பினால் நொடிப்பொழுதில் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். பகலில் அவற்றைப் பூட்டிவையுங்கள். வானத்தைச் சுட்டிக்காட்ட லேசர் விளக்கைப் பிள்ளைகள் கையில் தராதீர்கள். அது கண்ணுக்கும் விமானிகளுக்கும் ஆபத்து. ராக்கெட் செய்ய ஆசைப்பட்டால் தண்ணீரும் காற்றழுத்தமும் கொண்ட பாட்டில் ராக்கெட்டோடு நிறுத்துங்கள். அதற்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தள்ளி நின்று, பெரியவர் முன்னிலையில்தான். எரிபொருளை வீட்டில் கலப்பது கூடவே கூடாது.

இரவுக் கூட்டம் என்றால் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். யார் அழைத்துவந்தார், யார் அழைத்துப்போகிறார் என்று குறித்துவையுங்கள். வர முடியாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை இரவில் அனுப்பத் தயங்கும் வீடுகளில் இருப்பவர்களுக்கு, தங்கள் மாடியிலிருந்தே வரைந்து அனுப்பும் வழியைத் திறந்துவையுங்கள். படம் எடுத்துப் பகிர்வதற்குப் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். மறுப்பவரிடம் காரணம் கேட்க வேண்டாம்.

மகளைக் குழுவுக்குத் திரும்ப அழைக்கும் வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில், அந்த 40 நிமிடங்களுக்காக அவளிடம் ஒருமுறை வருத்தம் தெரிவியுங்கள், விளக்கம் சேர்க்காமல். பிறகு, அடுத்து எந்தப் படம் போடலாம் என்று கேளுங்கள். அவள் சொல்லும் படம் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றாக இருந்தால் அதையே போடுங்கள். அன்று நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். வியாழன் கோள் மாலையிலோ முன்னிரவிலோ தெரியும் மாதம் எது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு குறிப்பேடு வாங்கி, 17 கட்டங்கள் போட்டு, முதல் கட்டத்தில் “இவ்வளவுதானா?” என்று கேட்ட அந்தப் பையனின் பெயரை எழுதுங்கள். அவன் வீட்டுக்குப் போய், பைனாகுலரையும் குறிப்பேட்டையும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். 17 கட்டங்களும் முடிந்த பிறகு, அந்தக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை எனக்கு அனுப்ப முடியுமானால் மகிழ்வேன்.